கட்டத்துக்குள் என்ன இருக்கு?

சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் இரண்டு சத்தம் கேட்கும். வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம். தெருமுனை மாடியிலிருந்து தட்டச்சுப் பயிற்சி நிலையத்து டைப்ரைட்டர் சத்தம். பட்டுத்தறி ஓடுகிற வீடுகளிலேயே பிள்ளைகளைத் தறியில் உட்கார வைக்கப் பல பெற்றோருக்கு இப்போது மனமில்லை. "டைப் முடி, கம்ப்யூட்டர் முடி, கவர்மெண்ட் பரீட்சை எழுது" என்பதுதான் பள்ளி முடித்த பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கிற அறிவுரை.

அந்தக் 'கம்ப்யூட்டர்' என்பது பெரும்பாலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகத் தானியக்கக் கணினிச் சான்றிதழ்த் தேர்வு. சுருக்கமாக சி.ஓ.ஏ. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிக்குப் போகிறவர்களுக்கு இது வேண்டும். கையில் இல்லாமல் தேர்வானாலும், தகுதிகாண் பருவம் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். அதனால் ஊரில் இதற்கு மவுசு அதிகம். வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் என்று மாணவர்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள்.

என்ன படிக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்ல, எங்கள் வகுப்பில் படித்த ஒரு பெண்ணுக்கு நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சான்றிதழ் வாங்கிய கையோடு அவர் ஒரு சங்கத்தில் கணக்கு எழுதும் வேலைக்குத் தற்காலிகமாகச் சேர்ந்தார். முதல் வேலை, நெசவாளர்களுக்குக் கூலி அனுப்ப வங்கிக்குக் கொடுக்கும் பட்டியல். பெயர், உறுப்பினர் எண், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, தொகை. தலைப்புக்கு நிறம், கட்டங்களுக்குக் கோடு, கடைசியில் கூட்டுத்தொகை என்று பார்க்க அச்சடித்த மாதிரி இருந்தது. நான்காம் நாள் ஐந்து பேருடைய கூலி திரும்பி வந்துவிட்டது. 'கணக்கு இல்லை' என்று காரணம். ஐந்து பேரில் ஒருவருக்கு அன்றைக்குத்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். இருபது நாள் குழியில் கால் வைத்து நெய்த சேலைக்கான காசு. அவர் சங்கத்து வாசலில் வந்து நின்றார். இந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. தான் எதையும் தப்பாக அடிக்கவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அவர் சொன்னது உண்மைதான். அவர் சரியாகத்தான் அடித்தார். எக்செல்தான் அதை மாற்றி வைத்துக்கொண்டது.

எண்ணா, எழுத்தா?

திரும்பி வந்த ஐந்து கணக்கு எண்களும் பூஜ்ஜியத்தில் தொடங்குபவை. எக்செல் கட்டத்தில் 00451 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 451 என்று நிற்கும். கணக்கு வழக்கில் முன்னால் வருகிற பூஜ்ஜியத்துக்கு மதிப்பு கிடையாது என்று நாம்தானே பள்ளியில் படித்தோம்? எக்செலும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கிறது. நீங்கள் இலக்கங்களை அடித்தால், 'இது எண்' என்று அதுவே முடிவு கட்டிவிடும். ஆனால் வங்கிக்குக் கணக்கு எண் ஓர் எண்ணே அல்ல. அது ஒரு பெயர். இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்.

இதை மாணவர்களுக்குப் புரிய வைக்க ஒரே ஒரு கேள்வி போதும். "உன் போன் நம்பரையும் என் போன் நம்பரையும் கூட்டினால் என்ன வரும்?" வகுப்பே சிரிக்கும். கூட்டிப் பார்க்க அவசியமே இல்லாத எதுவும் கணினிக்கு எண் இல்லை, எழுத்து. கைபேசி எண், ஆதார் எண், பின்கோடு, கணக்கு எண், உறுப்பினர் எண் எல்லாம் எழுத்து. கூலித் தொகை, சேலை எண்ணிக்கை, ஜரிகை எடை ஆகியவை எண்.

கணினி இந்த இரண்டையும் வேறு வேறு விதமாகச் சேமிக்கிறது. எழுத்து என்றால் ஒவ்வோர் இலக்கமும் தனித்தனியே, அடித்த வரிசையில் இருக்கும். பூஜ்ஜியமும் ஒரு குறியாகப் பத்திரமாக இருக்கும். எண் என்றால் மொத்த மதிப்பும் 64 பிட் இடத்துக்குள் அடைக்கப்படும். அந்த இடத்துக்கு ஓர் எல்லை உண்டு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் அப்படியே வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. வங்கிக்கு வங்கி கணக்கு எண்ணின் நீளம் வேறு. 16 இலக்கம் உள்ளவையும் இருக்கின்றன என்பதால் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

ஆதார் எண்ணுக்கு வேறு மாதிரி வில்லங்கம். அது 12 இலக்கம்தான். உள்ளே முழுசாக இருக்கும். ஆனால் கட்டத்தில் 2.34568 என்று தொடங்கி, பின்னால் ஓர் 'ஈ', ஒரு கூட்டல் குறி, 11 என்று என்னமோ மாதிரி காட்டும். பத்தின் அடுக்காக எழுதும் அறிவியல் முறை அது. அந்த நிலையிலேயே கோப்பை சி.எஸ்.வி. வடிவத்தில் சேமித்தால், கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்பில் போகும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். எங்கே மேலேற்றினாலும் 'தவறான ஆதார் எண்' என்று திரும்பும்.

தீர்வு சின்னதுதான். அடிப்பதற்கு முன்னால் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள், அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். முன்னால் என்பது முக்கியம். பூஜ்ஜியம் விழுந்த பிறகு 'டெக்ஸ்ட்' ஆக்கினால் விழுந்தது திரும்பி வராது. வேறு இடத்திலிருந்து வந்த சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். திறக்கும்போதே எக்செல் தன் முடிவைக் கட்டிவிடும். 'டேட்டா' பகுதிக்குப் போய், கோப்பை உள்ளே கொண்டுவரும் வழியில், எந்தப் பத்தி எழுத்து என்று நீங்கள் சொல்லுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தால் அந்தக் கேள்வியை அதுவே கேட்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கால்க்தான் பிடிக்கும்.

தேதியும் இதே கதைதான். 15-08-2024 என்று கட்டத்தில் தெரிவது, உள்ளே 45519 என்ற எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து, நாட்களை எண்ணிக்கொண்டே வந்தது. இது தெரிந்தவருக்கு, பாவு வாங்கின தேதிக்கும் சேலை ஒப்படைத்த தேதிக்கும் எத்தனை நாள் என்பது வெறும் கழித்தல் கணக்கு. தெரியாதவர் விரல் விட்டு எண்ணுவார். அதோடு, கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/08 என்பதை மே மாதம் 8 என்று எடுத்துக்கொள்ளும். 25/08 என்று அடித்தால் 25-ஆம் மாதம் கிடையாதே என்று அதைச் சும்மா எழுத்தாக வைத்துவிடும். ஒரே பத்தியில் பாதி தேதியாகவும் பாதி எழுத்தாகவும் கிடக்கும் பட்டியல்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒரு அடையாளம் உண்டு: நீங்கள் எதுவும் செய்யாதபோது எண்ணும் தேதியும் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். பட்டியலை நடுவில் நிறுத்தி அழகுபடுத்துவதற்கு முன்னால் ஒரு தரம் இதைப் பாருங்கள்.

ஐ.எஃப்.எஸ்.சி. பற்றியும் ஒரு வார்த்தை. 11 குறிகள், முதல் நான்கு வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், கடைசி ஆறு கிளை, நடுவில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்ஜியம். அங்கே ஆங்கில 'ஓ' அடித்துவிட்டுக் கண்ணை நம்புகிறவர்கள் நிறைய. கணினிக்குப் பூஜ்ஜியத்தின் குறியீடு 48, பெரிய 'ஓ'வின் குறியீடு 79. அதற்கு இரண்டும் 'அ'வும் 'ங'வும் போல வேறு வேறு.

அப்பாவின் அட்டை

இதையெல்லாம் 'பிட்', 'பைட்', 'தரவு வகை' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் கக்குவார்கள், மறப்பார்கள். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. வீட்டிலேயே இருக்கிறது, தலைக்கு மேலே.

தறிக்கு மேல் இருக்கும் ஜக்கார்டுப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். சங்கிலி மாதிரி கோத்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி அதில் நுழையும். அதைச் சேர்ந்த கொக்கி தன் இடத்தில் நிற்கும். கத்தி மேலே போகும்போது கொக்கியைத் தூக்கிக்கொண்டு போகும். பாவு இழை எழும். ஓட்டை இல்லையென்றால் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். இழை எழலாம், எழாமல் இருக்கலாம். மூன்றாவது ஒன்று கிடையாது. ஓட்டை 1, ஓட்டை இல்லாதது 0. இதுதான் பிட்.

240 கொக்கிப் பெட்டி என்றால் ஓர் அட்டையில் 240 பிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் ஓர் அட்டை 30 பைட். ஒரு கரைக்கு 300 அட்டை என்று வைத்துக்கொண்டால் 9,000 பைட், அதாவது 9 கிலோபைட். ஒரு மாணவன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "சார், எங்கப்பா மூட்டையா தூக்கிட்டு வர்ற அட்டை ஒரு போட்டோ அளவுகூட இல்லையா?" என்று கேட்டான். இல்லைதான்.

இந்த அட்டை முறையை ஜக்கார் என்பவர் 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத்தறிக்குச் செய்தார். அதைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கு அட்டையில் கட்டளை கொடுக்கத் திட்டமிட்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித் ஓட்டை அட்டைகளை எந்திரத்தால் எண்ணினார். பட்டுத்தறியில் பழகின வழக்கம்தான் கணக்கு மேசைக்குப் போனது. இப்போது சில தறிகளில் மின்னணு ஜக்கார்டு வந்து, அட்டைக்குப் பதில் கோப்பே போகிறது.

எங்கள் வகுப்பில் எக்செலின் முதல் பயிற்சி மதிப்பெண் பட்டியல் இல்லை. வீட்டிலிருந்து ஒரு கிராஃப் தாள் டிசைன் கொண்டு வரச் சொல்வோம். மாங்காய், அன்னம், ருத்திராட்சம், எதுவானாலும் சரி. பத்திகளின் அகலத்தைக் குறைத்துக் கட்டங்களைச் சதுரமாக்கி, இழை எழ வேண்டிய கட்டத்தில் 1, மற்றதில் 0 அடிக்க வேண்டும். '1 இருந்தால் தங்க நிறம்' என்று நிபந்தனை வடிவமைப்பு கொடுத்தால் திரையில் மாங்காய் எழும்பி வரும். அந்த நிமிஷம் வகுப்பில் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே இந்தப் பயிற்சியை வைத்திருக்கிறேன்.

அப்புறம் வேலை. வரிசை ஒவ்வொன்றிலும் எத்தனை 1 என்று கூட்டு. அத்தனை இழை எழுகிறது. ஓரிடத்தில் 1-ஐ 0 ஆக்கு. மாங்காயில் ஒரு பொத்தல். அட்டையில் ஒரு ஓட்டை தப்பாகக் குத்தினால் சேலை முழுக்க அதே இடத்தில் அதே குறை திரும்பத் திரும்ப வரும் அல்லவா? வாய்பாட்டில் ஒரு தப்பு இருந்தால் இழுத்து நிரப்பிய அத்தனை வரிசையிலும் அதே தப்பு வரும்.

கடைசியாக, தங்க நிறத்தை வெள்ளியாக மாற்று. 1 மாறியதா? மாறவில்லை. அட்டைக்கு நிறம் தெரியாது. நாடாவில் என்ன ஜரிகை வைத்தாலும் அதே இழைதான் எழும். எக்செல் கட்டத்திலும் உள்ளே இருப்பது ஒன்று, மேலே காட்டுவது இன்னொன்று. இது மனதில் விழுந்தவருக்குக் கணக்கு எண்ணில் பூஜ்ஜியம் ஏன் விழுந்தது, தேதி ஏன் 45519 ஆனது, ஆதார் ஏன் அப்படித் தெரிகிறது எல்லாமே ஒரே காரணம் என்று புரிந்துவிடும். மூன்று தனித்தனி 'ட்ரிக்' மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வரிசைப்படுத்தும்போது

அந்தப் பெண்ணின் பட்டியலில் நல்லவேளையாக நடக்காமல் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினால், பெயர்கள் மட்டும் இடம் மாறும்; கணக்கு எண்கள் பழைய இடத்திலேயே நிற்கும். ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் கணக்கு. இதில் பணம் திரும்பி வராது. சரியான கணக்கு எண்தானே? தப்பான ஆளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எக்செல் ஓர் எச்சரிக்கைப் பெட்டி காட்டும், 'பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கட்டுமா' என்று. அவசரத்தில் படிக்காமல் தள்ளிவிடுகிறோம். நடுவில் ஒரு பத்தியை அழகுக்காகக் காலியாக விட்டிருந்தால் அந்தப் பக்கம் இருப்பது தன்னோடு சேர்ந்ததே இல்லை என்று எக்செல் நினைத்துவிடும். ஒரு வரிசை என்பது ஓர் ஆள். அந்த ஆளைப் பிரிக்கக் கூடாது. தரவுத்தளம் என்று பெரிய பெயரில் பின்னால் படிக்கப்போவதற்கு இதுதான் அரிச்சுவடி. காலிப் பத்தி, காலி வரிசை, இணைத்த கட்டங்கள் எல்லாம் அச்சுக்கு அழகு, பட்டியலுக்கு விஷம்.

வேர்டு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தலைப்பை நடுவுக்குக் கொண்டுவருகிறவர், எழுத்தின் அளவை மாற்றியதும் தலைப்பு ஓடிப்போவதைப் பார்த்திருப்பார். 'தலைப்பு' என்று பாணி கொடுத்துவிட்டால் அது தலைப்பு என்று கணினிக்கே தெரியும். பொருளடக்கத்தைக்கூட அதுவே எழுதிக் கொடுக்கும். இருநூறு உறுப்பினருக்குப் பொதுக்குழு அறிவிப்பு அனுப்ப இருநூறு தடவை பெயரை மாற்றி அடிக்க வேண்டாம். அஞ்சல் இணைப்பு இருக்கிறது. அதற்கும் மேலே சொன்ன ஒழுங்கான பட்டியல்தான் மூலதனம்.

கௌரியைக் காணோம்

தமிழுக்கு வருவோம். இங்கேதான் மாணவர்கள் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் மூன்று வெவ்வேறு விஷயத்தை 'தமிழ் ஃபாண்ட்' என்ற ஒரே பெயரில் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

முதலாவது விசைப்பலகை: எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து. பழைய தட்டச்சு அமைப்பு, தமிழ்99 அமைப்பு என்று சில உண்டு. இரண்டாவது குறியாக்கம்: அந்த எழுத்தைக் கணினி எந்த எண்ணாகச் சேமிக்கிறது. மூன்றாவது எழுத்துரு: அந்த எண்ணைத் திரையில் எந்த உருவத்தில் வரைகிறது.

அலுவலகங்களில் வெகுகாலம் புழங்கிய வானவில்-அவ்வையார் போன்ற எழுத்துருக்கள் குறியாக்கத்தையும் உருவத்தையும் ஒன்றாகக் கட்டிவிட்டன. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்க வேண்டிய எண்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தார்கள். அதே எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தேடினால் கிடைக்காது. யூனிகோடு இதை மாற்றியது. அதில் 'அ'வுக்கு 2949, 'க'வுக்கு 2965 என்று உலகம் முழுக்க ஒரே எண். 2010 ஜூன் மாதம் தமிழக அரசும் யூனிகோடையும் தமிழ் அனைத்து எழுத்துருக் குறியாக்கத்தையும் தன் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய கோப்புகள் பழைய குறியாக்கத்திலேயே பீரோக்களில் தூங்குகின்றன. வேலைக்குப் போகிற மாணவர் அதை எதிர்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய தட்டச்சு அமைப்பில் பழகிய மாணவர்கள், 'யூனிகோடுன்னா தமிழ்99 புதுசா கத்துக்கணும்' என்று பயப்படுவார்கள். வேண்டியதில்லை. விசைப்பலகை வேறு, குறியாக்கம் வேறு. என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் பழைய தட்டச்சு அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், விரல் பழகிய வழியிலேயே யூனிகோடு வந்து விழும்.

இப்போது கௌரிக்கு வருகிறேன். பட்டியலில் பெயர் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம், தேடினால் 'இல்லை' என்கிறது. ஏன்? ஒருவர் 'க'வோடு ஔகாரக் குறி சேர்த்து கௌரி என்று அடித்திருப்பார். அது நான்கு குறியீடு. இன்னொருவர் 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்து கெளரி என்று வைத்திருப்பார், ஐந்து குறியீடு. நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு பெண்கள். குடும்ப அட்டையில் ஒரு கௌரியும் விண்ணப்பத்தில் இன்னொரு கௌரியும் இருந்தால், 'பெயர் பொருந்தவில்லை' என்று வரும் செய்திக்கு யார் பதில் சொல்வது? துணைக்கால் போட வேண்டிய இடத்தில் 'ர' அடிப்பதும் இதே ரகம். மனிதர் படித்துவிடுவார், கணினி படிக்காது.

நீளக் கணக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறியீடு. இணையத்தில் அதிகம் புழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். படிவத்தில் 'இத்தனை எழுத்துக்குள்' என்று எல்லை இருக்கும்போது தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான். குறுஞ்செய்தியும் அப்படித்தான், ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறி, தமிழில் 70 தான். எல்லா உறுப்பினருக்கும் தமிழில் செய்தி அனுப்பும் சங்கத்துக்கு இது செலவுக் கணக்கு.

எக்செலில் தமிழ்ப் பட்டியலைச் சாதாரண சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பக் கிடைக்காது. 'சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். எதற்கும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

புகைப்படம் ஏன் ஏறவில்லை?

இ-சேவை மையத்தில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல, அதனால் சுருக்கமாக. படம் என்பது புள்ளிகள். கைபேசியில் 4000-க்கு 3000 என்று எடுத்த படத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி. புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 36 மெகாபைட். ஜேபெக் முறையில் சுருக்கி மூன்று நான்கு மெகாபைட்டில் வைக்கிறது. பல விண்ணப்பங்கள் கேட்பது 20 முதல் 50 கிலோபைட். பாஸ்போர்ட் அளவு, அதாவது 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர், அங்குலத்துக்கு 200 புள்ளி என்று கணக்குப் போட்டால் 276-க்கு 354 புள்ளிதான் தேவை. சுருக்காமல் 293 கிலோபைட். எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் 37. தானாகவே எல்லைக்குள் வந்துவிடும். முகம் தெரியாத அளவுக்குச் சுருக்கிவிட்டு, பிறகு நிராகரிப்பு வந்து அலைவதற்கு அவசியமே இல்லை. முதலில் புள்ளிகளைக் குறையுங்கள், அப்புறம் தரத்தைக் குறையுங்கள். தலைகீழாகச் செய்வதால்தான் படம் கலங்குகிறது. இன்னொன்று: கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மாற்றினால் படம் பி.டி.எஃப். ஆகிவிடாது. மிளகாய்த்தூள் டப்பாவில் 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டுவது போலத்தான் அது.

எங்கே, எப்படிப் படிப்பது?

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலை எடுத்துப் பாருங்கள். எண் முறைகளைச் சொல்லிவிட்டு, ஓப்பன் ஆபீஸின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் வழியாக, கடைசியில் தமிழ்க் கணிமை வரை போகிறது. அடிப்படையும் மென்பொருளும் ஒரே புத்தகத்தில். தமிழ்நாடு பாடநூல் நிறுவனத்தின் இந்தப் பாடநூலை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பள்ளி முடித்தவர்களும் படிக்கலாம். பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' திட்டத்தில் லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இலவசமாக இருக்கின்றன.

"பள்ளியில் கால்க் படிச்சேன், சி.ஓ.ஏ.வுக்கு எக்செல் கேக்கறாங்க, படிச்சது வீணா?" என்று கேட்கிறார்கள். மெனுவை மனப்பாடம் செய்திருந்தால் வீண்தான். 2007-இல் மைக்ரோசாப்ட் பழைய மெனுவை எடுத்துவிட்டு நாடா போன்ற பட்டையைக் கொண்டுவந்தபோது, அனுபவமுள்ள அலுவலர்களே பழைய கட்டளை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் டாலர் குறி எதற்கு என்று தெரிந்தவருக்கு எந்த மென்பொருளும் ஒன்றுதான். கூலி விகிதம் மேலே ஒரே கட்டத்தில் இருக்கிறது. கீழே ஒவ்வொரு நெசவாளருக்கும் அதைப் பெருக்க வேண்டும். வாய்பாட்டைக் கீழே இழுக்கும்போது எல்லா முகவரியும் ஒவ்வொரு படி இறங்கும். விகிதம் இருக்கும் கட்டம் மட்டும் இறங்கக் கூடாது என்று ஆணி அடிப்பதுதான் டாலர் குறி. கால்க்கிலும் அதே குறி, எக்செலிலும் அதே குறி.

பயிற்சி நிலையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு வரும் மாதிரி வினாக்களை மாணவர்கள் அடித்துப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சான்றிதழ் வேலைக்குத் தேவை. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரமாவது தப்பான கோப்பு ஒன்றைக் கொடுத்து 'இதில் என்ன கெட்டுப்போயிருக்கு, ஏன்?' என்று கண்டுபிடிக்க விடுங்கள். பூஜ்ஜியம் விழுந்த பட்டியல், கேள்விக்குறியான பெயர்கள், பாதி தேதியான பத்தி. சரியான கோப்பைச் செய்யத் தெரிந்த மாணவர்கள் பலர்; கெட்டதைப் பார்த்ததும் காரணம் சொல்கிறவர்கள் கொஞ்சம்தான். அலுவலகத்தில் முதல் வாரமே வருவது கெட்ட கோப்புதான்.

அந்த ஐந்து பேருக்கும் மூன்று நாள் கழித்துக் கூலி போய்ச் சேர்ந்தது. கல்லூரிக் கட்டணத்துக்கு அவர் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டார். அந்தப் பெண் இப்போதும் அதே வேலையில் இருக்கிறார். பட்டியலின் ஓரத்தில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்: கணக்கு எண்ணில் எத்தனை குறி என்று 'லென்' வாய்பாட்டால் எண்ணும் பத்தி. பக்கத்தில் அந்தந்த வங்கியின் நீளம். இரண்டும் ஒத்துப்போகாத வரிசை சிவப்பாகும். 16 இலக்கக் கணக்குகளுக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்புவதில்லை. பாஸ்புக் நகலைப் பக்கத்தில் வைத்துக் கடைசி இலக்கத்தைக் கண்ணால் பார்க்கிறார். வங்கிக்கு அனுப்பும் முன் ஒரு பிரதி அச்செடுத்து, அந்தந்த நெசவாளர் சேலை கொண்டுவந்து கொடுக்கும்போது, "அண்ணா, உங்க நம்பர் இதுதானே, ஒருதரம் பாருங்க" என்று காட்டிக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்கிறார்.